கடைசிச் சீட்டு கவிழ்த்த பிறகு

போக்கர் ஆடுகிறவர்கள் 'பேட் பீட்' என்று ஒன்றைச் சொல்வார்கள். கணக்குப்படி ஜெயிக்க வேண்டிய நிலையில் பணத்தை வைத்திருப்பார்கள். கடைசியாகத் திறக்கும் சீட்டு எதிராளி பக்கம் சாய்ந்துவிடும். 'நோ லிமிட்' வகை ஆட்டத்தில் பந்தயத்துக்கு உச்சவரம்பே கிடையாது. முன்னால் இருக்கும் பணம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் நடுவில் தள்ளலாம் என்பதால், ஒரு மாதச் சம்பளம் ஒரு சீட்டோடு போய்விடும். ஆடாமல் இருப்பதே உடம்புக்கும் பைக்கும் நல்லது என்பதுதான் என் கட்சி. ஆனாலும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அடிபடவும் செய்கிறார்கள். அந்தத் தோல்வியைவிட, அதற்கு அடுத்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு அதிகக் கேடு செய்கிறது.

ஐவியின் கதை எங்கே தொடங்குகிறது?

பேட் பீட்டுக்குப் பேர்போன ஒரு ஆட்டம், 2003ஆம் ஆண்டு. லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேரில் பத்துப் பேர் மிச்சம். கையில் உள்ள இரண்டு சீட்டுகளோடு மேசையில் திறக்கும் ஐந்து பொதுச் சீட்டுகளையும் சேர்த்துப் பார்ப்பது இந்த ஆட்டம். தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் ஐவியின் கையில் இரண்டு ஒன்பதுகள். டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மனிமேக்கரின் கையில் ஏஸும் ராணியும். மேசையில் இரண்டு ராணிகளும் ஒரு ஆறும் கிடக்க, நான்காவதாக ஒன்பது விழுந்தது. ஐவிக்கு மூன்று ஒன்பதும் இரண்டு ராணியுமாக 'ஃபுல் ஹவுஸ்', மனிமேக்கரின் மூன்று ராணிகளை அது வெல்லும். இருந்த பணமெல்லாம் நடுவுக்குப் போனது. இனி மனிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை மூன்று ஏஸ், மூன்று ஆறு, ஒரு ராணி என ஏழே சீட்டுகள். வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. ஏஸ் விழுந்தது. ஐவி பத்தாம் இடத்தோடு எழுந்து போனார். மனிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார்.

துரதிர்ஷ்டத்துக்கு உதாரணமாக இந்த ஆட்டத்தை இன்றும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒரு படி பின்னால் போவதில்லை. முதல் மூன்று சீட்டுகள் திறந்தபோது முன்னிலையில் இருந்தவர் மனிமேக்கர். ஐவியைக் காப்பாற்ற மீதி இருந்தவை இரண்டே ஒன்பதுகள். அவற்றில் ஒன்று அடுத்த சீட்டாக விழ நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே இருந்தது. அது விழுந்தது, அடுத்த சீட்டிலேயே பறிபோனது. துரதிர்ஷ்டக் கதைகள் எல்லாமே, சொல்கிறவர் ஜெயித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. வாய்த்த அதிர்ஷ்டம் திறமைக் கணக்கில் சேர்ந்துவிடும், பறிபோனது மட்டும் அநியாயமாக நினைவில் தங்கும்.

எத்தனை முறை நடக்கும்?

இரண்டு ஏஸ் வைத்திருப்பவரும் இரண்டு ராஜா வைத்திருப்பவரும் எல்லாப் பணத்தையும் தள்ளினால், நூறில் ஏறத்தாழ 18 முறை ராஜாக்கள் ஜெயிக்கும். அதில் யாருடைய சதியும் இல்லை. இரண்டு ஏஸ் கைக்கு வருவது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறை. நேரில் மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அது ஏழு மணி நேரத்துக்கு ஒரு முறை. இணையத்தில் ஒரே சமயம் நான்கு மேசைகளில் ஆடுகிறவருக்கோ கிட்டத்தட்ட மணிக்கு ஒரு முறை வந்துவிடும். அப்படியானால் அடியும் அதே வேகத்தில் வரும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கிறவர் பெரும்பாலும் அதிக ஆட்டம் ஆடுகிறவர், அவ்வளவுதான்.

உடம்பில் நடப்பது

கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி பெரிது என்று டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். போக்கரில் அந்த வலியோடு அநியாயம் நடந்துவிட்டது என்ற கொதிப்பும் சேர்கிறது. பின்லாந்து ஆய்வாளர்கள் பலோமாக்கி, லாகசுவோ, சல்மேலா ஆகியோர் 2013இல் இணையப் போக்கர் ஆடுகிறவர்களின் இழப்பு அனுபவங்களை ஆராய்ந்தார்கள். முதலில் நம்ப முடியாத திகைப்பு, பிறகு அறச்சீற்றம், அதோடு இழந்ததைத் துரத்தும் வெறி, கடைசியில் தன்மேல் வெறுப்பு, தூக்கமின்மை என்று அவர்கள் கண்டது நீள்கிறது. நிதானம் தவறிக் கண்மண் தெரியாமல் ஆடும் அந்த நிலைக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டில்ட்'.

அட்ரினலின் ஏறும்போது இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். நிதானமாக எடைபோடும் மூளையின் முன்பகுதி அந்த நேரத்தில் மங்கிப்போகும். இந்த நிலையில் யாராலும் நல்ல முடிவு எடுக்க முடியாது. பல லாஸ் வேகஸ் விடுதிகளில் ஆடுகிறவர்களுக்கு மது இலவசம். அது அன்பினால் தருவதல்ல.

அடுத்த ஒரு மணி நேரம்

முதலில் எழுந்திருங்கள். மேசையில் என்றால் வெளியே நடங்கள், கைப்பேசி என்றால் அதை இன்னொரு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, சில நிமிடம் மெதுவாக மூச்சு விட்டால் படபடப்பு தணியும். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பசித்தால் சாப்பிடுங்கள். மது வேண்டாம். கோபம் அடங்கியதுபோல் தோன்றினாலும் அன்று மறுபடி உட்கார வேண்டாம். இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன் என்ற வரம்பை ஆடுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். தோற்ற பிறகு போடும் வரம்பு நிற்காது.

அப்புறம், அந்தக் கதையை யாரிடமும் சொல்லாதீர்கள். உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற மரியா கோனிகோவா போக்கர் கற்கப் போனபோது, அவருடைய ஆசான் எரிக் சைடல் துரதிர்ஷ்டக் கதைகளுக்குக் காதுகொடுக்க மறுத்துவிட்டார். எப்படி முடிவெடுத்தாய் என்பதை மட்டும் சொல் என்றார். இது மனதை அடக்கி வைக்கும் பாடமல்ல. வருத்தமாக இருக்கிறது, இவ்வளவு பணம் போயிற்று என்று வீட்டில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்த ஒரு சீட்டைப் பற்றிய புலம்பல்தான் புண்ணை ஆறவிடாமல் கிளறுகிறது.

தூங்கி எழுந்து, மறுநாள் காலை முதல் கேள்வி: பணத்தை வைத்த நேரத்தில் முன்னிலையில் இருந்தது யார்? நீங்கள்தான் என்றால் உங்கள் ஆட்டத்தில் திருத்த எதுவும் இல்லை. எதிராளி என்றால் அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லக் கூடாது. இரண்டிலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பணம் வாடகையா, பள்ளிக் கட்டணமா, கடனா? ஆம் என்றால், சீட்டு எப்படி விழுந்திருந்தாலும் அந்த முடிவு தவறானது.

நோயின் முகமூடி

சூதாட்ட நோய்க்கு ஆளானவர்களும் "கொஞ்ச நாளாக நேரம் சரியில்லை" என்றுதான் சொல்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைப் போதை நோய்களோடு சேர்த்து வகைப்படுத்தியது. ஒன்பது அறிகுறிகளில் நான்கு ஓராண்டுக்குள் தென்பட்டால் நோய் என்று கொள்கிறார்கள். இழந்ததை மீட்க மறுநாளே திரும்பிப் போவது, தொகையை ஏற்றிக்கொண்டே போவது, நிறுத்த முயன்று முடியாமல் எரிச்சல்படுவது, மறைத்துப் பொய் சொல்வது, பிறரிடம் பணம் கேட்பது ஆகியவை அவற்றில் சில. எண்ணப்போக்கை மாற்றும் பேச்சு சிகிச்சை நன்றாகப் பயன் தருகிறது. சிலருக்கு மருத்துவர் மாத்திரையும் தருவார்.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல் போன்ற மருந்துகளும், மனநோய்க்குத் தரும் அரிபிபிரசோலும் சிலருக்குக் கட்டுக்கடங்காத சூதாட்ட உந்துதலைக் கிளப்பலாம். சீட்டே தொடாத பெரியவர் மருந்து தொடங்கிய பின் திடீரென்று சூதாட ஆரம்பித்தால் அவரைத் திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. அதன் தண்டனைகள் நடத்துகிறவர்கள், விளம்பரம் செய்கிறவர்கள், பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர்கள் போன்றோருக்குத்தான், ஆடி இழந்தவருக்கு அல்ல. ஆகவே சட்டத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடனைச் சத்தமில்லாமல் அடைத்துவிட்டு ஊருக்கு மறைப்பது உதவியல்ல, அடுத்த ஆட்டத்துக்கு முதல் போடுவது. வங்கிக் கணக்கைக் கொஞ்ச காலம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். "இனி இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல், உடனே உதவி கேளுங்கள். இந்தியாவில் டெலி மனஸ் எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.