உழாத வயலின் மண் மாதிரி

உழவு நிலத்தைக் கிளறுவதோடு அதன் ஊட்டங்களைக் கலந்தும் விடுகிறது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் போன்ற மரச்சோலைகளில் உதிரும் சருகு மேற்பரப்பிலேயே மக்குவதைப்போல, உழவில்லா வயலிலும் பயிர்த்தாளும் தூவிய உரமும் விழுந்த இடத்திலேயே தங்குவதால், கரிமச்சத்தும், மண்துகள்களைப் பற்றிக்கொண்டு எளிதில் நகராத பாஸ்பரஸ் எனப்படும் மணிச்சத்தும் மேல் 5 செ.மீ. அளவில் செறிந்து கீழே குறைந்துவிடுகின்றன.

நெல், உளுந்து வயல்களில் 'வி' வடிவக் குழியை 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அதன் பக்கவாட்டில் மண்ணைச் செதுக்கி, பல இடங்களில் சேர்த்ததைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து அரை கிலோவாக்கும் வழக்கமான முறை, உழுத மண்ணின் சீரான கலப்பை நம்பியே அமைந்தது. உழாத வயலில் அந்தச் சீவல் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் அமைந்தால், மேலடுக்கின் மணிச்சத்து முடிவைத் தூக்கிக் காட்டும். மேல்மண் காய்ந்தபின் ஈரம் தேடி இறங்கும் வேருக்கோ அது எட்டாது. எனவே மூடாக்கை விலக்கி, 0-5, 5-15 செ.மீ. அடுக்குகளைத் தனித்தனிப் பைகளில் எடுப்பதே நேர்மையான அளவீடாகும்.

காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்து, தமிழகம் நெடுங்காலமாக அறிந்த உழவில்லாச் சாகுபடி. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள் விதை தூவப்படுகிறது. அடியுரம் இட வழியில்லாததால் பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் இலைமேல் தெளிக்கப்படுகிறது. ஆனால் அடுத்த நெல்லுக்காகச் சேற்றுழவு செய்தவுடன் அடுக்குகள் மீண்டும் கலந்துவிடுவதால், இங்கே 15 செ.மீ. மாதிரி பெரும்பாலும் போதுமானது. இன்னொரு நுட்பமும் உண்டு: நீர் தேங்கிய மண்ணில் இரும்புடன் பிணைந்த மணிச்சத்து விடுபட்டு, காயும்போது மீண்டும் பிணைவதால், ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், பயறு அறுவடைக்குப் பின், மாதிரி எடுத்தால்தான் ஒப்பீடு பொருள்படும்.

நெல்லுக்கும் சேற்றுழவைக் கைவிடும் உழவருக்கு நிலைமை வேறு. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என வகுத்து, 12 பண்புகளுக்கும் ஒவ்வொரு மதிப்பையே தருகிறது. அந்தப் பரப்புக்குள் உழுத வயலும் உழாத வயலும் கலந்திருந்தால் வரும் சராசரி இரண்டுக்குமே பொருந்தாது. அத்தகைய உழவர் தம் வயலுக்கெனத் தனி மாதிரியை, அடுக்கின் ஆழத்தைப் பைமேல் குறித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுப்பது அவசியம்.