இணையத்தில் நீங்கள் நினைத்த பெயர் காலியாக இருக்கிறதா?

வீட்டிலிருந்தே தையல், எம்பிராய்டரி, பிரியாணி மசாலா என்று தொழில் செய்யும் சகோதரிகள், கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்கள், மதரஸா நிர்வாகிகள் என்று பலரும் நம் அலுவலகத்துக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "நாங்கள் நினைத்திருக்கும் பெயர் கிடைக்குமா, எப்படிப் பார்ப்பது?" பார்ப்பது இரண்டு நிமிட வேலை. காசும் கிடையாது. ஆனால் சரியாகப் பார்க்காமலேயே கடை போர்டையும் விசிட்டிங் கார்டையும் அடித்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் இருப்பதால், இம்முறை கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

வெப்சைட்டின் முகவரியைத்தான் டொமைன் பெயர் என்கிறார்கள். உலகம் முழுக்க ஒரு முகவரி ஒருவருக்கு மட்டும்தான். யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்கே கிடைக்கும். 'டாட் காம்' என்று முடியும் பெயர்களின் பதிவேடு வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. நம் நாட்டின் 'டாட் இன்' பதிவேட்டை நிக்ஸி என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. உலக அளவில் இந்தப் பெயர் ஏற்பாட்டை ஒருங்கிணைப்பது 1998ல் தொடங்கப்பட்ட ஐகேன். நாம் இவர்களிடம் நேரே போய் வாங்க முடியாது. ரெஜிஸ்ட்ரார் எனப்படும் பதிவு நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும். 'வாங்குவது' என்பதும் பேச்சுக்குத்தான். ஒரு வருடம் முதல் அதிகபட்சம் பத்து வருடம் வரை பணம் கட்டி வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே. வாடகை வீடு மாதிரி.

பலர் செய்வது என்னவென்றால், நினைத்த பெயரை மொபைலில் தட்டிப் பார்க்கிறார்கள். பக்கம் எதுவும் வராவிட்டால் பெயர் காலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியான சோதனை அல்ல. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. பெயரைப் பதிவு செய்து வெப்சைட் போடாமலேயே வைத்திருப்பவர்கள் ஏராளம். பின்னால் நல்ல விலைக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்களும் உண்டு.

பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். 'டாட் காம்', 'டாட் ஓஆர்ஜி' போன்றவற்றுக்கு ஐகேனின் லுக்அப் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் போதும். 'டாட் இன்' பெயருக்கு நிக்ஸியின் பதிவேட்டுப் பக்கத்தில் 'ஹூ இஸ்' என்ற தேடல் இருக்கிறது. பெயர் பதிவாகியிருந்தால் எந்தத் தேதியில் பதிவானது, எப்போது முடிகிறது, எந்த ரெஜிஸ்ட்ரார் வழியாக என்பதெல்லாம் வரும். பதிவே இல்லை என்று வந்தால் பெரும்பாலும் காலி. வைத்திருப்பவரின் பெயர், ஃபோன் எண் இப்போது பெரும்பாலும் தெரியாது. 2018ல் ஐரோப்பாவில் வந்த தனியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவற்றை மறைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள், பதிவு செய்யும் முன் தங்கள் வீட்டு விலாசமும் ஃபோன் எண்ணும் மறைக்கப்படுமா என்று ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ரெஜிஸ்ட்ராரின் தளத்திலேயே தேடினாலும் காலியா இல்லையா என்று வரும், விலையும் சேர்ந்தே வரும். ஆனால் ஐந்தாறு தளங்களில் மாற்றி மாற்றித் தேடிக்கொண்டு நாட்களை ஓட்ட வேண்டாம். 2008ல் அமெரிக்காவில் ஒரு பதிவு நிறுவனம், தன் தளத்தில் மக்கள் தேடிய பெயர்களையெல்லாம் தானே நான்கு நாள் பிடித்து வைத்துக்கொண்டு பெரும் கண்டனத்துக்கு ஆளானது. இப்போது அப்படி நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. பிடித்த பெயர் காலியாக இருந்தால் அன்றே பதிவு செய்துவிடுங்கள் என்கிறோம்.

நம் வீட்டுப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு, மற்றவர்கள் அவ்வளவாக யோசிக்காதது. அரபுப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். 'நூர்' என்பதை இரண்டு 'ஓ' போட்டும் எழுதலாம், ஒரே 'யு' போட்டும் எழுதலாம். 'முஹம்மது' என்ற பெயருக்கு ஒரே குடும்பத்தில் அண்ணன் ஆதாரில் ஒரு எழுத்துமுறை, தம்பி பாஸ்போர்ட்டில் இன்னொன்று! 'ரஹ்மானியா'வில் 'எச்' வருமா, 'மதரஸா'வில் ஒரு 'எஸ்' ஸா இரண்டா? நீங்கள் எழுதும் முறையில் பெயர் காலியாக இருக்கும். வாடிக்கையாளர் எழுதும் முறையில் அது வேறு யாருடைய கடையாகவோ இருக்கும். ஆகவே எல்லா எழுத்துமுறைகளையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். வீட்டில் நான்கு பேரிடம் பெயரை வாயால் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பேராவது ஒரே மாதிரி எழுதினால் அதுதான் உங்களுக்கான பெயர். நடுவில் ஹைஃபன் போட்டால் காலியாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், ஃபோனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயரும் வாங்கலாம். கேட்க ஆசையாக இருந்தாலும், ஆங்கில எழுத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு கூடுதலாக வாங்குவதே இப்போதைக்கு வசதி.

பெயர் இதற்கு முன் யாரிடமாவது இருந்ததா என்பதையும் பாருங்கள். வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் முகவரியைக் கொடுத்தால், பழைய பக்கங்கள் சேமிக்கப்பட்டிருந்தால் தெரியும். சூதாட்டத் தளமாக ஓடிய பெயரை மதரஸாவுக்கு எடுத்துவிட்டால் சங்கடம் மட்டுமல்ல, அங்கிருந்து போகும் மெயில்கள்கூட ஸ்பேமில் விழலாம். அதோடு இந்திய டிரேட்மார்க் பதிவேட்டிலும் இலவசமாகத் தேடலாம். டொமைன் காலி என்பதற்காக இன்னொருவரின் வணிகப் பெயரை நாம் பயன்படுத்த முடியாது. அவர் முறையிட்டால் பெயர் கைமாறிவிடலாம்.

காலாவதியான பெயர் உடனே காலியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 'டாட் காம்' பெயரைப் பழைய உரிமையாளர் புதுப்பிக்க ரெஜிஸ்ட்ரார் 45 நாள் வரை அவகாசம் தரலாம். அதற்குப் பிறகும் 30 நாள் உண்டு, ஆனால் அப்போது கட்டணம் மிக அதிகம். கடைசி 5 நாள் யாரும் தொட முடியாது. பிறகுதான் பொதுவுக்கு வரும். நல்ல பெயர்களை இடையிலேயே ஏலம் விட்டுவிடுவதும் உண்டு.

இதையே மறுபுறமிருந்து பாருங்கள், ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். உங்கள் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 'டாட் ஓஆர்ஜி' தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்பது தவறான எண்ணம். யாருக்கும் கொடுப்பார்கள். பெயரை எடுத்தவர் உங்கள் பழைய பக்கத்தைப் போலவே ஒன்றைப் போட்டு, ரமலானில் தன்னுடைய கியூஆர் கோடை வைத்தால், வெளிநாட்டில் இருந்து ஜகாத் அனுப்பும் சகோதரருக்கு எப்படித் தெரியும்? பழைய முகவரிக்கு வரும் மெயில்களும் அவர் கைக்கே போகும்.

இதற்குக் காரணமாவது பெரும்பாலும் மறதி அல்ல. வெப்சைட் செய்து கொடுத்த தம்பி தன் பெயரிலும் தன் மெயிலிலும் பதிவு செய்திருப்பார். பிறகு துபாய்க்குப் போயிருப்பார். நினைவூட்டல் எல்லாம் அவருக்குத்தான் போகும். ஆகவே பதிவு நிறுவனத்தின் பெயரில், நிர்வாகம் மாறினாலும் மாறாத ஒரு பொது மெயிலில் இருக்கட்டும். பாஸ்வேர்டு இரண்டு பொறுப்பாளர்களிடமாவது இருக்கட்டும். 'டாட் காம்', 'டாட் ஓஆர்ஜி' போன்றவற்றில் பதிவு செய்ததும் மெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாட்களுக்குள் அதை அழுத்தாவிட்டால் வெப்சைட்டையே நிறுத்திவிடலாம்.

விலையில் ஒரு விஷயம். முதல் வருடம் மிகக் குறைவாகக் காட்டி, இரண்டாம் வருடம் பல மடங்கு கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே பாருங்கள். பதிவு செய்த பின், "உங்கள் டொமைன் முடிகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று தெரியாத இடங்களிலிருந்து மெயில் வரும். அந்த லிங்கைத் தொடாமல், நீங்கள் வாங்கிய ரெஜிஸ்ட்ராரின் தளத்துக்கே நேராகப் போய்த் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.