கூரை ஒழுகும் பாட்டு

'சோருதிஹுது மனெய மாளிகி' என்ற கன்னடப் பாட்டைப் பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளைகள் கிடார் இசையோடு கேட்கிறார்கள். பெரியவர்களாகிய நாமோ, புரியாத பாஷை என்று ஒதுங்கிவிடுகிறோம். சற்றே காது கொடுங்கள். மனெ என்பது நம் மனை. கண்ணீர் சோர்கிறது என்கிறோமே, அந்தச் சோர்தல்தான் முதற்சொல். மாளிகி மட்டும் நம்மை ஏமாற்றும். மாளிகை அன்று, கூரை. வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம்!

ஒழுகுவது உடம்பென்னும் வீடு. நம் கடுவெளிச் சித்தர் உடம்பைத் தோண்டி என்றாரே, அதே வழி. இயற்றிய சிசுநாள ஷரீஃப் (1819-1889) இன்றைய ஹாவேரி மாவட்டத்தவர். இஸ்லாமியராகப் பிறந்து, கோவிந்த பட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டவர்.

இப்பாடல்களைச் சி. அஸ்வத் முன்பே ஊரறியப் பாடினார். 1990-இல் ஷரீஃபின் கதை திரைப்படமாகவும் வந்தது. மைசூரில் வளர்ந்த ரகு தீட்சித் (நுண்ணுயிரியல் படித்தவர், பரதமும் பயின்றவர்) 2008-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் இதையும், ஹூக்கா புகைப்பதைப் பாடும் 'குடுகுடியா'வையும் சேர்த்தார். 2010-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் குழு பாடியபின் வெளிநாட்டாரும் தேடிக் கேட்டனர். அஸ்வத் குரலே போதும் என்பாரும் உண்டு. இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பொருளில் ஐயம் வந்தால் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கேட்கலாம். பாடியே காட்டிவிடுவார்!