பொந்தியான் அன்னாசிகள் ஒன்றாகப் பூப்பது எப்படி?

மலேசியாவின் பொந்தியான் வட்டாரத்துப் பெக்கான் நானாஸ் என்ற ஊரின் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. ஒரே நாளில் நட்ட கன்றுகளும், அவற்றின் போக்கில் விட்டால், முன்பின்னாகத்தான் பூக்கும். அறுவடை மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் வளர்ந்த செடியின் குருத்தில் எத்திபான் என்ற மருந்தின் கரைசலை ஊற்றுகிறார்கள். செடிக்குள் அது சிதைந்து எத்திலீன் வாயுவாகிறது. குருத்து இலை விடுவதை நிறுத்திப் பூங்கொத்தாக மாறுகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவர் சமைப்பதில்லை, எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கிறார். எத்திலீனும் அப்படித்தான். சமையல் இலைகளின் வேலை. இலை போதாத சிறு செடியை அவசரப்படுத்தினால் பழமும் சிறுத்துப்போகும்.

“மருந்து ஊற்றிய பழமா?” என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஊற்றும்போது பழமே கிடையாது; அது வர இன்னும் சில மாதங்கள் ஆகும். எத்திலீனும் செடி தானே சுரப்பதுதான். 1874இல் அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் குடிலுக்குள் புகை சூழ்ந்தபோது அன்னாசிகள் கூட்டமாகப் பூத்தன. புகையிலிருந்த எத்திலீனின் கைவரிசை அது. எனக்கு உறுத்துவது வேறொன்று: அறுவடைக்குச் சற்று முன் நிறத்துக்காக மறுபடி தெளிப்பது. வாழைக்காயைப் போல இனிப்பாக மாற அன்னாசியிடம் மாவுச்சத்துச் சேமிப்பு இல்லை. காயாக இருக்கையில் தெளித்துப் பறித்தால் தோல் மட்டும் மஞ்சளாகும், சுளை புளிக்கும்.