கல்லூரிக் கூடைப்பந்துக் கணிப்புப் போட்டி: வெற்றிக்கான கணக்கு என்ன?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடைபெறும் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர், ஆடுகளத்துக்கு வெளியே இன்னொரு போட்டியையும் உருவாக்கிவிடுகிறது. எந்த அணி எந்தச் சுற்று வரை முன்னேறும், இறுதியில் கோப்பையை வெல்லப்போவது யார் என்பதை ஓர் அட்டவணையில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கணிப்புப் போட்டிதான் அது.

அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் நண்பர் வட்டங்களிலும் ஆளுக்குச் சில டாலர்கள் செலுத்தி இதில் பங்கேற்பது வழக்கம். அமெரிக்க நிறுவனங்களில் பணியாற்றும் தமிழர்களின் மேசைக்கும் இந்த அட்டவணை வந்து சேருகிறது. அதிபராக இருந்த பராக் ஒபாமா 2009ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் தமது அட்டவணையை வெளியிட்டார். அவர் தேர்ந்தெடுத்த வடக்கு கரோலினா அணியே அந்த ஆண்டு கோப்பையை வென்றது.

எனினும், கூடைப்பந்தை நன்கு அறிந்தவர்களே இந்தப் போட்டியில் பல நேரங்களில் பின்தங்கிவிடுகின்றனர். ஆட்டங்களைச் சரியாகக் கணிப்பதும், மற்ற பங்கேற்பாளர்களை முந்துவதும் ஒன்றல்ல என்பதே இதற்கு முக்கியக் காரணம்.

முழுமையான கணிப்பு சாத்தியமா?

ஆண்கள் தொடரில் பங்கேற்கும் அணிகளின் எண்ணிக்கை 1985இல் 64ஆகவும், 2011இல் 68ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் பெரும்பாலான கணிப்புப் போட்டிகள் 64 அணிகள் மோதும் பிரதான அட்டவணையை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. அந்த அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரநிலை எண் பெறுகின்றன. தோற்ற அணி உடனே வெளியேறும். ஆக மொத்தம் 63 ஆட்டங்கள்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு முடிவுகள் சாத்தியம் என்பதால், இந்த அட்டவணையைச் சுமார் 92 ஆயிரம் கோடி கோடி வழிகளில் நிரப்ப முடியும். பெருஞ்செல்வந்தர் வாரன் பஃபெட்டின் ஆதரவுடன் 2014ஆம் ஆண்டு, 63 ஆட்டங்களையும் சரியாகக் கணிப்பவருக்கு 100 கோடி டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. அதை எவரும் வெல்லவில்லை. 2019இல் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகக் கணித்து, 50ஆவது ஆட்டத்தில் தவறினார்.

ஆகவே, முழுமையான அட்டவணையை நாடுவதில் பயனில்லை. பக்கத்து மேசைக்காரரை விட ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றாலே போதும்.

புள்ளிகள் குவிந்திருக்கும் இடம்

பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், முதல் சுற்றில் ஒரு சரியான கணிப்புக்கு 10 புள்ளிகள். அடுத்தடுத்த சுற்றுகளில் இது 20, 40, 80, 160 என இரட்டிப்பாகி, இறுதி ஆட்டத்துக்கு 320 புள்ளிகள் ஆகிறது. அதாவது, முதல் சுற்றின் 32 ஆட்டங்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும் அதே 320 புள்ளிகள், கோப்பை வெல்லும் அணியைச் சரியாகச் சொல்லும் ஒரே ஒரு கணிப்புக்கும் கிடைக்கின்றன.

ஆனால் முதல் சுற்றின் அதிர்ச்சி முடிவுகளைத் தேடுவதிலேயே பலரும் நேரத்தைச் செலவிடுகின்றனர். தரநிலையில் 12ஆம் இடத்தில் உள்ள அணிகள் 5ஆம் இட அணிகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை வீழ்த்துவது உண்மைதான். எந்த 12ஆம் இட அணி அதைச் செய்யும் என்று சொல்வதுதான் கடினம். சரியாகச் சொன்னாலும் கிடைப்பவை 10 புள்ளிகளே. தவறினாலோ, அந்த 5ஆம் இட அணி மேலும் முன்னேறும்போது கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளும் கைநழுவும்.

மேரிலாண்ட் பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழக அணி 2018இல் வர்ஜீனியாவை 74-54 என வீழ்த்தியது. முதலிட அணிகளிடம் அதுவரை 135 முறையும் தோற்றிருந்த 16ஆம் இட அணிகளுக்கு அதுவே முதல் வெற்றி. அப்படியொரு முடிவை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்ப்பது வீண்.

கோப்பையைப் பொறுத்தவரை, 1985 முதல் 2025 வரை நடந்த 40 தொடர்களில் 26 முறை முதலிட அணிகளே வென்றுள்ளன. பெருந்தொற்று காரணமாக 2020இல் தொடர் நடைபெறவில்லை.

எதிரில் எத்தனை பேர்?

அப்படியானால் பலம் மிகுந்த அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதாதா? போட்டியில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற முடியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முதல் அணி கோப்பை வெல்லும் வாய்ப்பு 30 சதவீதம் என்றும், இரண்டாவது அணியின் வாய்ப்பு 8 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் கொண்ட குழுவில் மூவர் முதல் அணியைத் தேர்ந்தெடுத்தால், அந்த 30 சதவீத வாய்ப்பை மூவரும் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவருக்குத் தோராயமாக 10 சதவீதம் வருகிறது. இரண்டாவது அணியைத் தனி ஒருவராகத் தேர்ந்தெடுப்பவருக்கு 8 சதவீதமே. இங்கே பலமான அணியின் பக்கம் நிற்பதே மேல்.

அதுவே நூறு பேர் கொண்ட குழுவாக இருந்து, 30 பேர் முதல் அணியையும் இருவர் மட்டும் இரண்டாவது அணியையும் தேர்ந்தெடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. முதல் அணியை நம்பியவருக்கு 1 சதவீத வாய்ப்பு. இரண்டாவது அணியை நம்பியவருக்கு 4 சதவீதம். மற்ற ஆட்டங்களின் புள்ளிகளைச் சேர்க்காத எளிய கணக்கு இது என்றாலும், குழு பெரிதாகும்போது கூட்டத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ மெட்ரிக் 1996இல் வெளியிட்ட ஆய்வும், இத்தகைய போட்டிகளில் பங்கேற்பவர்கள் முன்னணி அணிகளை அளவுக்கு அதிகமாகவே தேர்ந்தெடுக்கின்றனர் என்று சுட்டிக்காட்டியது.

கூட்டம் எங்கே தவறுகிறது?

கூட்டத்திலிருந்து விலகுவது என்றால் பலவீனமான அணியைத் தேடிப் பிடிப்பது என்று பொருளல்ல. ஓர் அணியின் உண்மையான பலத்துக்கும் அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கண்டறிவதே உத்தி. பலத்தை மதிப்பிட கென் பொமராய் வெளியிடும் புள்ளிவிவரத் தரவரிசையும் பந்தயச் சந்தை விகிதங்களும் உதவுகின்றன. எத்தனை சதவீதம் பேர் எந்த அணியைத் தேர்ந்தெடுத்துள்ளனர் என்பதை, கணிப்புப் போட்டிகளை நடத்தும் பெரிய இணையதளங்கள் வெளியிடுகின்றன.

கனெக்டிகட் அணி 2023இல் தனது பிரிவில் 4ஆம் இடத்தையே பெற்றிருந்தது. ஆனால் புள்ளிவிவரத் தரவரிசையில் அது நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக இருந்தது. இறுதியில் கோப்பையும் அதற்கே கிடைத்தது.

உள்ளூர்ப் பற்றும் கவனிக்கத்தக்கது. கென்டக்கி மாநில அலுவலகம் ஒன்றில் கென்டக்கி அணிக்கு ஆதரவு குவிவது இயல்பு. அங்கே அதே அளவு பலம் கொண்ட வேறோர் அணியைத் தேர்ந்தெடுப்பவருக்கே ஆதாயம். இவ்வாறு ஓரிரு இடங்களில் மாறுபட்ட பின், மற்ற ஆட்டங்களில் பலமான அணிகளையே எழுதுவது நல்லது.

விதிமுறைகளை முதலில் படிப்பதும் அவசியம். சில குழுக்களில் வெல்லும் அணியின் தரநிலை எண்ணே புள்ளியாக வழங்கப்படுகிறது. அங்கே 35 சதவீத வாய்ப்புள்ள 12ஆம் இட அணியின் சராசரி மதிப்பு 4.2 புள்ளிகள். 65 சதவீத வாய்ப்புள்ள 5ஆம் இட அணிக்கோ 3.25 மட்டுமே. வேறிடத்தில் வீணான துணிச்சல், இங்கே விவேகமாகிறது.

பணமும் சட்டமும்

விளையாட்டுப் பந்தயத்தை நாடு முழுவதும் பெருமளவு முடக்கிவைத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. அதன்பின் முடிவு மாநிலங்களின் கையில் உள்ளது. பணம் வைத்து நடத்தப்படும் அலுவலகக் கணிப்புப் போட்டிகள் குறித்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. நடத்துபவர் தமக்கெனப் பங்கு எடுத்துக்கொண்டால் சிக்கல் கூடும். இவை தவிர, நிறுவனங்களும் தமக்கெனத் தனி விதிகள் வைத்திருக்கக்கூடும் என்பதால், பணம் செலுத்தும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. மேலே சொன்ன நூறு பேர் குழுவில், சிறந்த உத்தியைக் கையாண்டவரின் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்காக உயர்ந்தது. அப்படியும் அது 4 சதவீதம்தான். நூறு முறை ஆடினால் 96 முறை தோல்வியே மிஞ்சும். நல்ல கணக்கு வாய்ப்பைக் கூட்டலாம். ஆனால் இழக்க முடியாத பணத்தை இதில் வைப்பதற்கு எந்தக் கணக்கும் நியாயம் சொல்லாது.