ஒரே உயிர் என்றுதான் 27 வருடம் நம்பினார்கள்!

மைசூரு ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறதல்லவா? அங்கே சாப்பிட்டு மீந்த உணவு காற்றுப் புகாத கலனுக்குள் போய், எரிவாயுவாக மாறி வெளியே வருகிறது. தெரியுமா?

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. சோற்றுப் பருக்கையிலிருந்து மீத்தேன் வரை மொத்த வேலையையும் தனியாகச் செய்து முடிக்கும் நுண்ணுயிர் எதுவும் இதுவரை அறியப்படவில்லை!

ஒரு கூட்டம் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. அடுத்தது அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலமாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைக்கிறது. கடைசியாக வருபவைதான் மீத்தேன் உயிரிகள். அவை பாக்டீரியாவே அல்ல, தெரியுமா? 1977-ல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்து, இது தனி வம்சம் என்றார்கள். ஆர்க்கியா என்று இன்று நாம் சொல்லும் வம்சம் உலகுக்குத் தெரியவந்ததே இந்த மீத்தேன் உயிரிகளால்தான்!

அந்த மூன்றாவது கூட்டத்தின் பாடுதான் என்னை அசத்துகிறது. தான் வெளியேற்றும் ஹைட்ரஜன் சுற்றிலும் சேர்ந்துவிட்டால் அதனால் மேற்கொண்டு சாப்பிடவே முடியாது. சில அமிலங்களைச் சிதைக்க, ஹைட்ரஜனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாக வேண்டும்! யார் அதை அவ்வளவு குறைவாக வைத்திருப்பது? பக்கத்திலேயே இருக்கும் மீத்தேன் உயிரிதான். வரவர அதை உறிஞ்சி, கரியமில வாயுவுடன் சேர்த்து மீத்தேனாக்கிவிடுகிறது. ஒன்றின் கழிவுதான் மற்றதன் சாப்பாடு.

இந்த ஜோடி எவ்வளவு நெருக்கம் தெரியுமா? 1940-ல் கலிஃபோர்னியாவில் பார்க்கர் என்ற விஞ்ஞானி, எத்தனாலைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்ததாக நினைத்தார். மெத்தனோபேசில்லஸ் ஒமெலியான்ஸ்கி என்ற பெயரில் உலகம் முழுக்க அதை ஆராய்ந்தார்கள். 1967-ல் பிரையன்ட், வோலின் தம்பதியர், உல்ஃப் ஆகியோர் உண்மையைப் போட்டு உடைத்தார்கள்: அது ஒன்றல்ல, இரண்டு! எத்தனாலைச் சிதைத்து ஹைட்ரஜன் விடுவது ஒன்று, அதை உண்டு மீத்தேன் விடுவது மற்றொன்று. பிரித்து வைத்தால் முதலாவது எத்தனாலில் தட்டுத்தடுமாறித்தான் வளர்ந்தது. இரண்டாவதற்கோ எத்தனாலைத் தொடவே தெரியாது!

சாணத்திலும் இதே கூட்டாளிகள்தான். கர்நாடகத்தின் குணிகல் பக்கம் புரா என்ற சிற்றூரில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய ரெட்டி குழுவினர் ஊர் மாடுகளின் சாணத்தைத் திரட்டி வாயு எடுத்தார்கள். எல்லா வீட்டு அடுப்புக்கும் அது போதவில்லை. அதனால் 1987 முதல் அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டி, வீடுகளுக்கு விளக்கும் குழாய்த் தண்ணீரும் கொடுத்தார்கள்!

கலனில் தீனியை அளவுக்கு மீறிக் கொட்டினால் என்ன ஆகும் தெரியுமா? அமிலம் செய்பவை சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகும். அசிட்டிக் அமிலத்தைத் தின்னும் மெத்தனோத்ரிக்ஸ் என்ற மீத்தேன் உயிரி இரட்டிக்கவோ நாள்கணக்காகும். அதனால் கலன் புளித்து, வாயு வருவது நின்றுவிடும். தீனியை நிறுத்தி, அந்த மந்தகதி உயிரிகள் தேறிவர விட வேண்டியதுதான்.

இன்னொன்று! சில ஜோடிகளுக்கு நடுவே ஹைட்ரஜன்கூட வேண்டியதில்லை. ஜியோபேக்டர் என்ற பாக்டீரியா தன் எலெக்ட்ரான்களை மின்சாரம் பாய்வதுபோல நேரடியாகவே மீத்தேன் உயிரிக்குக் கொடுத்துவிடுகிறது என்று 2014-ல் டெரெக் லவ்லியின் குழு காட்டியது.