மூளைக் காயமும் தசை இயக்கமும்: ஒரு மாணவர் ஆராய்ச்சியின் பயன்

தலையில் பலமாக அடிபட்ட ஒருவர் பல நாட்கள் நினைவின்றிக் கிடந்து, பின்னர் உயிர் பிழைக்கிறார். அவருடைய கை கால்களில் கீறலும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை. ஆயினும் ஒரு பக்கத்துக் கையும் காலும் அவர் விருப்பப்படி இயங்குவதில்லை. தொடக்கத்தில் தளர்ந்திருந்த அவை, சில வாரங்கள் கழிந்தபின் விறைக்கத் தொடங்குகின்றன. மடக்கவோ நீட்டவோ முயன்றால் எதிர்க்கின்றன. கை கால்களில்தான் கோளாறு எனக் கருதும் குடும்பத்தார், எண்ணெய் தேய்ப்பதிலும் ஒத்தடம் கொடுப்பதிலும் காலத்தைக் கழிக்கின்றனர். காயம்பட்டது மூளை, விறைப்பதோ தசை. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது?

இவ்வினாவிற்கு இன்று நாம் அறிந்துள்ள விடையின் பெரும் பகுதி ஒருவருடைய ஆராய்ச்சியிலிருந்து கிடைத்ததாகும். அவர் சார்ல்ஸ் ஸ்காட் ஷெரிங்டன் (1857–1952). அவர் தம் முதல் ஆராய்ச்சியில் ஈடுபட்டபோது, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் படிப்பை இன்னும் முடிக்காத மாணவராகவே இருந்தார் என்பது ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

லண்டன் மாநாட்டில் எழுந்த விவாதம்

1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டனில் அனைத்துலக மருத்துவ மாநாடு கூடிற்று. உடலின் ஒவ்வோர் இயக்கத்திற்கும் பெருமூளையின் புறணியில் தனித்தனி இடம் உண்டா, இல்லையா என்பதே அங்கு எழுந்த பெரிய விவாதம். ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பேராசிரியர் கோல்ட்ஸ், மூளைப் புறணியின் பெரும் பகுதி நீக்கப்பட்டதாகக் கூறி ஒரு நாயைக் காட்டினார். அது நடந்தது, ஓடவும் செய்தது. ஆகவே தனித்தனி இடங்கள் என்பது பொருந்தாது என்று அவர் வாதித்தார். ஆங்கில அறிஞர் ஃபெரியரோ ஒரு குரங்கைக் காட்டினார். அதன் மூளையின் இடப் பாதியில் குறிப்பிட்ட ஒரு பகுதி மட்டும் நீக்கப்பட்டிருந்தது. வலக் கையும் காலும் செயலிழந்திருந்தன. பக்கவாதம் கண்ட மனிதனின் நிலையை அது முற்றிலும் ஒத்திருந்தது.

இரு தரப்பினரும் தத்தம் விலங்குகளைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க இசைந்தனர். மூளைகளைச் சோதிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் ஒருவரான கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் லாங்லி, நாயின் மூளைப் பகுதியை ஆராயும் பணியில் தம் மாணவரான ஷெரிங்டனைத் துணையாகச் சேர்த்துக்கொண்டார்.

மாணவர் செய்த பணி

நரம்பு இழை ஒன்று, தான் தோன்றிய உயிரணுவிலிருந்து துண்டிக்கப்பட்டால், துண்டிக்கப்பட்ட இடத்திற்கு அப்பாலுள்ள பகுதி படிப்படியாகச் சிதைந்துபோகும். இவ்வுண்மையை வாலர் என்பவர் 1850-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்திருந்தார். ஆகவே மூளையின் ஒரு பகுதி நீக்கப்பட்டபின், தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்பெருக்கியில் நோக்கினால், எந்த இழைகள் சிதைந்துள்ளன என்பது தெரியும். சிதைந்த இழைகளின் தடத்தைப் பின்பற்றினால், மூளையிலிருந்து தசைகளுக்குக் கட்டளை செல்லும் வழி தானே புலப்படும். ஊரில் வாய்க்காலின் தலைமடையை அடைத்துவிட்டு, எந்தெந்த வயல் காய்கிறது என்று பார்த்து நீர் செல்லும் வழியை அறிவதை இதற்கு ஒப்பிடலாம்.

பொறுமை மிகுதியும் வேண்டிய இவ்வேலையின் முடிவுகளை லாங்லியும் ஷெரிங்டனும் 1884-இல் வெளியிட்டனர். அதுவே ஷெரிங்டனின் பெயர் தாங்கிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை. நாயின் மூளையில் நீக்கப்பட்ட பகுதி, கோல்ட்ஸ் கருதியதைவிடச் சிறியது என்பது குழுவின் சோதனையில் வெளியாயிற்று. ஃபெரியரின் குரங்கிலோ, நீக்கப்பட்ட பகுதி அவர் கூறியவாறே அமைந்திருந்தது.

எனினும் கோல்ட்ஸின் நாய் நடந்தது உண்மையே. புறணியின் ஒரு பகுதி போன பின்னரும் நடையைத் தாங்கி நிற்பது எது? மாணவரின் உள்ளத்தில் இவ்வினா தங்கிவிட்டது. அவர் விவாதத்தில் ஒரு பக்கம் வென்றது என்று அமைந்துவிடாமல், கோல்ட்ஸிடமே சென்று ஸ்ட்ராஸ்பர்க்கில் சில காலம் பயின்றார்.

விறைப்பின் காரணம்

1898-இல் ஷெரிங்டன் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வினாவிற்கு விடையளித்தது. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனையில், நடுமூளையின் மட்டத்தில் வெட்டிப் பெருமூளையின் தொடர்பை அவர் துண்டித்தார். கால்கள் தளர்ந்துவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ வேறு. நான்கு கால்களும் நீண்டு விறைத்து நின்றன. மேலிருந்து வரும் கட்டளை நின்றபின், கீழுள்ள நரம்பு மையங்கள் அடங்கியிருப்பதற்கு மாறாக, கட்டுப்பாடு நீங்கியவையாய் மிகுதியாக இயங்கின. பெருமூளையின் பணி தசைகளை ஏவுவது மட்டுமன்று. கீழ் மையங்களை அடக்கி வைப்பதுமாகும் என்பது இதனால் விளங்கிற்று.

அடுத்து அவர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. விறைத்த ஒரு காலிலிருந்து தண்டுவடத்திற்கு உணர்ச்சிச் செய்தி கொண்டு செல்லும் நரம்பு வேர்களை மட்டும் அறுத்தார். தசைக்குச் செல்லும் இயக்க நரம்புகளைத் தொடவில்லை. உடனே அக்காலின் விறைப்பு நீங்கிற்று. ஆகவே விறைப்பை நிலைநிறுத்துவது தசையிலிருந்தே எழுந்து தண்டுவடம் சென்று திரும்பும் செய்தியாகும். தசைக்குச் செல்லும் நரம்பிலுள்ள இழைகளில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை, கட்டளை கொண்டு வருபவை அல்ல, செய்தி கொண்டு செல்பவை என்பதையும் அவர் 1894-இல் காட்டியிருந்தார். தசை ஏவல் கேட்கும் உறுப்பு மட்டுமன்று. தன் நிலையை ஓயாது தெரிவித்துக் கொண்டிருக்கும் உறுப்புமாகும்.

இச்சோதனை விலங்கின் விறைப்பும், மூளைக் காயமுற்ற மனிதரிடம் வாரங்கள் கழித்துத் தோன்றும் விறைப்பும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. ஆயினும் மேலிடத்துக் கட்டுப்பாடு குன்றியதால் கீழிடத்து அனிச்சைச் செயல் மிகுகிறது என்ற அடிப்படை இரண்டிற்கும் பொதுவானது. இளம்பிள்ளை வாதத்தை நேரில் கண்ட களப் பணியாளர்கள் இதனை எளிதில் ஒப்பிட்டு உணரலாம். இளம்பிள்ளை வாதத்தில் தண்டுவடத்திலுள்ள இயக்க உயிரணுக்களே அழிகின்றன. தசைக்குக் கட்டளை கொண்டு செல்லும் கடைசி வழியும் அடைபடுவதால் கால் தளர்ந்து, சூம்பிப் போகிறது; முழங்காலில் தட்டினால் உதைப்பு இல்லை. மூளைக் காயத்திலோ அக்கடைசி வழி அழிவதில்லை. நாளடைவில் கால் விறைக்கிறது, தட்டினால் உதைப்பு மிகுகிறது. கால் செயலிழந்தது என்று இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், பழுது உள்ள இடம் வேறு.

ஓர் இயக்க நரம்பணுவும், அதன் கிளைகள் சென்று சேரும் தசை நார்கள் அனைத்தும் சேர்ந்து ஒன்றாகவே இயங்கும் என்பதை விளக்கி, 1925-இல் லிடெல்லும் ஷெரிங்டனும் அதற்கு "இயக்க அலகு" என்று பொருள்படும் பெயரை இட்டனர். 1932-இல் ஷெரிங்டன், ஏட்ரியன் ஆகிய இருவருக்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு

1913 முதல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த ஷெரிங்டன், மாணவர்கள் தம் கையாலேயே சோதனை செய்து அறிய வேண்டும் என்ற கொள்கையுடையவர். 1919-இல் அதற்கென ஒரு செய்முறை நூலையும் எழுதினார். அவரிடம் பயின்ற மாணவர்கள் பல நாட்டினர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த எக்கிள்ஸ் பின்னர் 1963-இல் நோபெல் பரிசு பெற்றார். நியூசிலாந்தைச் சேர்ந்த டென்னி பிரௌன், ரிச்சி ரஸ்ஸல் என்பவருடன் இணைந்து 1941-இல் மூளை அதிர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். தலை அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும்போது விழும் அடியைவிட, தலை தடையின்றி அசையக்கூடிய நிலையில் விழும் அடியே எளிதில் நினைவிழக்கச் செய்கிறது. தலையின் வேகம் திடீரென மாறுவதே முக்கியக் காரணம் என்று அவர்கள் கண்டனர்.

அதே 1941-இல், ஆக்ஸ்போர்டின் மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து தலைக்கவசத்தின் பயனை எடுத்துக்காட்டினார். பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தை அவ்வாண்டே கட்டாயமாக்கிற்று. கவசத்தின் உட்பூச்சு நசுங்கித் தலையின் வேகத்தைச் சற்று மெதுவாகக் குறைப்பதாலேயே மூளை காக்கப்படுகிறது.

ஷெரிங்டனின் மற்றொரு மாணவரான வைல்டர் பென்ஃபீல்டு 1934-இல் கனடாவில் மான்ட்ரியால் நரம்பியல் நிலையத்தை நிறுவினார். அங்குப் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேகப் சாண்டி 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அதுவே தொடக்கம். அடுத்த ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இப்பணியைத் தொடங்கினார்.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

1974-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான டீஸ்டேலும் ஜென்னெட்டும், மூளைக் காயத்தின் கடுமையை அளக்க ஓர் எளிய அளவையை வெளியிட்டனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சிற்கு 5, கை கால் அசைவிற்கு 6 என்பன மிகுதியான மதிப்பெண்கள். மொத்தம் 15, மிகக் குறைந்தது 3. சொன்னபடி கையை அசைப்பவருக்கு 6. வலியூட்டினால் கை மடங்காமல் நீண்டு விறைப்பவருக்கு 2 மட்டுமே. ஷெரிங்டன் 1898-இல் ஆய்வுக் கூடத்தில் கண்ட விறைப்பை ஒத்த நிலைக்கே இன்று மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த 2 என்னும் எண் இடப்படுகிறது.

வலியூட்டிச் சோதிப்பது மருத்துவரின் பணி. ஆனால் முதலில் அவ்விடம் சென்றடையும் பணியாளர் பின்வருவனவற்றைக் கவனித்து, நேரத்தோடு குறித்து மருத்துவரிடம் தெரிவித்தல் பெரும் உதவியாகும். கண்ணைத் தானாகத் திறக்கிறாரா, கூப்பிட்டால் திறக்கிறாரா? பேச்சுத் தெளிவாக உள்ளதா, குழப்பமாக உள்ளதா? கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறாரா? இரு பக்கமும் சமமாக அசைகின்றனவா? அடிபட்டபின் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சிறிது நேரம் கழித்து மயங்கத் தொடங்கினால், மண்டையோட்டினுள் இரத்தம் கசிந்து மூளையை அழுத்துவதாக இருக்கலாம். கணமும் தாமதித்தல் கூடாது. மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, காது மூக்கு வழியே நீர் அல்லது இரத்தம் ஒழுகுதல் ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகள்.

நினைவற்றவருக்கு நீரோ வேறு எதுவுமோ வாயில் ஊற்றலாகாது. கழுத்திலும் காயம் இருக்கக்கூடுமாதலால், தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் தாங்கியே அசைக்க வேண்டும். 108 அல்லது 112 எண்ணிற்கு உடனே தெரிவிக்க வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவி செய்பவருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது என்பதைக் கிராம மக்களுக்கு எடுத்துரைத்தல் நன்று.

பிழைத்து வீடு திரும்பியவரின் கை கால்கள் விறைத்திருந்தால், அசைவின்றி விட்டால் மூட்டுகள் நிலையாகவே இறுகிவிடும் என்பதைக் குடும்பத்தார்க்கு விளக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் காட்டிய முறையில் மூட்டுகளை நாள்தோறும் மெல்ல அசைத்தல் அவசியம். பலவந்தமாக இழுத்தல் தீங்கு தரும். உணர்ச்சி குன்றிய தோலில் சூடான ஒத்தடம் தீப்புண்ணை உண்டாக்கும்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

எந்த உயிரையும் அறுக்காமலே மாணவர்கள் இவ்வுண்மைகளைத் தம் உடலில் கண்டறியலாம். உயரமான பலகையில் கால் தொங்க அமர்ந்த மாணவனின் முழங்காற் சிப்பிக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையின் ஓரத்தால் இலேசாகத் தட்டினால் கால் உதைக்கும். தொடைத் தசை சிறிது நீட்டப்பட்ட செய்தி தண்டுவடம் சென்று திரும்புவதே இதற்குக் காரணம். இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிராக இழுத்தபடி அவன் இருக்கும்போது தட்டினால் உதைப்பு மிகுவதைக் காணலாம். உடலின் பிற பகுதிகளில் நிகழ்வது இவ்வனிச்சைச் செயலை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு இது சான்று. இனி, ஒரு கையால் மறு மேற்கையைப் பற்றியவாறு, முழங்கையை ஒரு தடைக்கு எதிராக மடக்குமாறு கூறுக. முன்புறத் தசை இறுகும்போது பின்புறத் தசை இளகுவதை விரல்கள் உணரும். ஒரு தசைக்கு ஏவல் செல்கையில் அதன் எதிர்த் தசைக்கு ஓய்வும் ஏற்படுகிறது என்ற இவ்விதியை நிறுவியவரும் ஷெரிங்டனே.

ஒவ்வொரு மாணவனும் தான் கண்டதைத் தன் சொற்களில் குறித்துவைக்கச் செய்தல் வேண்டும். ஒருவனுக்கு உதைப்புக் குறைவாகவும் மற்றொருவனுக்கு மிகுதியாகவும் இருப்பின், எழுதியதைத் திருத்தாமல், ஏன் வேறுபட்டது என்று வினவப் பழக்குக. லாங்லி தம் மாணவருக்கு அளித்தது ஒரு மூளைத் துண்டும், அதனைப் பொறுமையாக நோக்கும் வாய்ப்புமே. இத்தகைய வாய்ப்பை நம் பள்ளி மாணவர்க்கு அளிக்க ஒரு பலகையும், தட்டுவதற்கு ஒரு கையும், குறிப்பேடும் போதுமானவை.